காந்தத்துக்கு ஒரு லைசென்ஸ்: பசுமை எரிசக்தியில் உலகை வழிநடத்துவது யார்? அமெரிக்கா - சீனா மோதலின் பின்னணி

2025 ஏப்ரல் 2-ம் தேதி, உலக நாடுகள் மீது புதிய இறக்குமதி வரிகளை அறிவித்தார் அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்ப். இரண்டே நாளில், ஏப்ரல் 4-ம் தேதி, சீனா பதிலடி கொடுத்தது. அந்தப் பதிலடியில் வரி ஒரு பகுதிதான். பெரிய அடி வேறு இடத்தில் விழுந்தது.

சமாரியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம் உள்ளிட்ட 7 வகை அரிய மண் தனிமங்களையும், அவற்றைக் கொண்டு செய்யப்படும் காந்தங்களையும் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால் இனி அரசின் ஏற்றுமதி லைசென்ஸ் கட்டாயம் என்று அறிவித்தது சீனா. தடை என்ற வார்த்தையே அதில் இல்லை. விண்ணப்பம் போடலாம், காத்திருக்கலாம், அவ்வளவுதான்.

அடுத்த மாதமே விளைவு தெரிந்தது. சிகாகோவில் உள்ள ஃபோர்டு ஆலை காந்தம் கிடைக்காமல் ஒரு வாரம் மூடப்பட்டது. ஜப்பானில் சுசுகி நிறுவனம் ஸ்விஃப்ட் கார் உற்பத்தியை நிறுத்தி வைத்தது. இந்தியாவில், ஆகஸ்ட் மாதம் மின்சார வாகன உற்பத்தியே நின்றுபோகலாம் என்று ஜூலையில் வெளிப்படையாக எச்சரித்தது பஜாஜ் ஆட்டோ.

பருவநிலை மாற்றத்தைத் தடுக்க உலகம் பெட்ரோல், டீசல், நிலக்கரியில் இருந்து வெளியே வர வேண்டும் என்று 30 வருடங்களுக்கும் மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பயணத்தை யார் முன்னின்று நடத்துகிறார்கள் என்ற கேள்விக்கு, ஐ.நா. மாநாடுகளைவிட இந்த லைசென்ஸ் விவகாரம்தான் தெளிவான பதிலைச் சொல்கிறது. அது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

அரிய மண் தனிமங்கள் என்றால் என்ன?

ஆங்கிலத்தில் ரேர் எர்த் என்று சொல்லப்படும் இவை மொத்தம் 17 தனிமங்கள். பெயரில்தான் 'அரிய'. உண்மையில் பூமியில் பல இடங்களில் கிடைக்கின்றன. ஆனால் ஒரே இடத்தில் செறிவாகக் கிடைப்பது குறைவு. மண்ணிலிருந்து எடுத்து, ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் தனிமங்களைத் தனித்தனியாகப் பிரிப்பதுதான் பெரிய வேலை. அதற்கு ஏகப்பட்ட அமிலம் வேண்டும், தண்ணீர் வேண்டும். வேலை முடிந்ததும் நச்சுக் கழிவு மிஞ்சும். பல தாதுக்களில் தோரியம் போன்ற கதிரியக்கப் பொருளும் சேர்ந்தே இருக்கும்.

இவ்வளவு கஷ்டப்பட்டு எதற்குப் பிரிக்க வேண்டும்? காந்தத்துக்காக. நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த காந்தம்தான் இன்று புழக்கத்தில் உள்ளதிலேயே மிக வலிமையானது. அதில் கொஞ்சம் டிஸ்ப்ரோசியம் அல்லது டெர்பியம் சேர்த்தால், மோட்டார் சூடானாலும் காந்த சக்தி குறையாது. ஒரு மின்சாரக் காரின் மோட்டாருக்கு இப்படிப்பட்ட காந்தம் 1 முதல் 2 கிலோ வரை தேவைப்படும். கடலில் நிறுவப்படும் பெரிய காற்றாலைகளுக்கு அதுவே டன் கணக்கில். ஏவுகணை, போர் விமானம் எல்லாவற்றிலும் இது உண்டு. அதனால்தான் இது வெறும் வியாபார விஷயமாக இல்லாமல் பாதுகாப்பு விஷயமாகவும் ஆகிவிட்டது.

இதில் சீனாவின் பங்கைப் பார்த்தால் தலை சுற்றும். சுரங்கத்தில் இருந்து எடுப்பதில் உலக அளவில் சுமார் 60 சதவிகிதம். பிரித்துச் சுத்திகரிப்பதில் சுமார் 90 சதவிகிதம். காந்தமாகச் செய்வதில் 90 சதவிகிதத்துக்கும் மேல். அதாவது, மண் எந்த நாட்டில் இருந்தாலும் அது காந்தமாக மாற சீனா வழியாகத்தான் போக வேண்டிய நிலை.

இந்த இடத்துக்கு சீனா எப்படி வந்தது?

ஒரு காலத்தில் இந்தத் துறையே அமெரிக்காவின் கையில்தான் இருந்தது. 1960-களில் தொடங்கி 1980-கள் வரை உலகின் முக்கிய ரேர் எர்த் சுரங்கம் கலிஃபோர்னியாவின் மவுன்டன் பாஸ். நியோடிமியம் காந்தத்தை 1980-களில் ஒரே காலகட்டத்தில் உருவாக்கியவை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானின் சுமிடோமோவும். காந்தம் தயாரித்துவந்த மேக்னிக்வென்ச் என்ற தன் துணை நிறுவனத்தை 1995-ல் ஜெனரல் மோட்டார்ஸ் விற்றது. வாங்கியவர்களில் சீன நிறுவனங்களும் இருந்தன. அடுத்த பத்து வருடங்களில் அமெரிக்காவில் இருந்த உற்பத்தி சீனாவுக்கே போய்விட்டது. மவுன்டன் பாஸ் சுரங்கமும் கழிவுநீர்ப் பிரச்னை, மலிவான சீன சரக்கு என இரண்டு பக்க அடியைத் தாங்காமல் 2002-ல் மூடப்பட்டது.

அன்று யாரும் இதை இழப்பாகப் பார்க்கவில்லை. அசுத்தமான வேலை வேறு நாட்டுக்குப் போகிறது, பொருள் மலிவாகக் கிடைக்கிறது, நல்லதுதானே என்று விட்டுவிட்டார்கள். அந்த அசுத்தத்துக்கான விலையை உள் மங்கோலியாவின் பாவ்தோ போன்ற சீன நகரங்கள் கொடுத்தன.

சோலார் பேனலின் கதையும் இதேதான். சிலிக்கான் சோலார் செல் பிறந்தது 1954-ல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில். அதற்குப் பெரிய சந்தையை உருவாக்கியது ஜெர்மனி. வீட்டுக் கூரையில் தயாரிக்கும் மின்சாரத்துக்கு 20 வருடங்களுக்கு நிலையான விலை என்று 2000-ல் ஜெர்மனி சட்டம் கொண்டுவந்தது. ஜெர்மானியர்கள் பேனல் வாங்கத் தொடங்கினார்கள். அதைத் தயாரித்துக் கொடுக்க சீனா தொழிற்சாலைகளைக் கட்டத் தொடங்கியது.

2011-க்குப் பிறகு சோலார் உற்பத்தியில் சீனா போட்ட முதலீடு 5,000 கோடி டாலருக்கும் மேல். இது ஐரோப்பா போட்டதைவிட 10 மடங்கு அதிகம் என்று 2022-ல் சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டது. இன்று பாலிசிலிக்கான் முதல் பேனல் வரை ஒவ்வொரு கட்டத்திலும் சீனாவின் பங்கு 80 சதவிகிதத்துக்கும் மேல். ஜெர்மனியின் பெருமையாக இருந்த சோலார்வேர்ல்ட் நிறுவனம் 2017-ல் திவாலானது.

கண்டுபிடித்தது ஒருவர், சந்தையைத் திறந்தது இன்னொருவர், தொழிற்சாலை கட்டியது மூன்றாமவர். கடைசியில் சாவி மூன்றாமவர் கையில்.

சீனா இதைப் பூமியைக் காப்பாற்றத்தான் செய்ததா?

அப்படிச் சொன்னால் அது பாதி உண்மைதான். சீனா பெட்ரோலியத் தேவையில் 70 சதவிகிதத்துக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாடு. அதில் பெரும்பகுதி மலாக்கா நீரிணை என்ற குறுகிய கடல்வழியாக வருகிறது. நாளை ஒரு போர் வந்து அந்த வழியை அமெரிக்கக் கடற்படை அடைத்துவிட்டால் என்ன ஆகும்? இந்தப் பயம் 2003-லேயே சீனத் தலைமையிடம் இருந்தது. அதற்கு 'மலாக்கா சிக்கல்' என்றே பெயர் உண்டு.

எண்ணெய் வெளியில் இருந்து வர வேண்டும். வெயிலும் காற்றும் நிலக்கரியும் உள்ளூரிலேயே இருக்கின்றன. கார்கள் மின்சாரத்தில் ஓடினால், எண்ணெய்க் கப்பலை நம்பியிருக்கும் கவலை குறையும். மின்சார வாகனத்தில் சீனா காட்டும் வேகத்துக்கு இதுவும் முக்கியக் காரணம். 2024-ல் உலகம் முழுவதும் விற்ற மின்சாரக் கார்கள் சுமார் 1.7 கோடி. அதில் 1.1 கோடிக்கும் மேல் சீனாவில் மட்டும் விற்றவை. அதே வருடத்தில் சீனா புதிதாகச் சேர்த்த சூரிய மின்திறன் சுமார் 277 ஜிகாவாட். காற்று, சூரிய சக்தி இரண்டும் சேர்ந்து 1,200 ஜிகாவாட் என்ற 2030-ம் வருட இலக்கை 2024-லேயே தாண்டிவிட்டது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். உலகில் எரிக்கப்படும் நிலக்கரியில் பாதிக்கும் மேல் சீனாவில்தான் எரிகிறது. 2024-ல் அங்கு வேலை தொடங்கிய புதிய அனல்மின் நிலையங்களின் திறன் 90 ஜிகாவாட்டுக்கும் அதிகம். கார்பன் வெளியேற்றத்தில் உலகின் முதல் இடமும் சீனாவுக்கே. 2035-க்குள் வெளியேற்றத்தை உச்ச அளவில் இருந்து 7 முதல் 10 சதவிகிதம் குறைப்போம் என்று 2025 செப்டம்பரில் அதிபர் ஷி ஜின்பிங் அறிவித்தார். இது போதாது என்பதே ஐரோப்பா உள்ளிட்ட பல தரப்பின் கருத்து.

ஆக, பசுமைத் தொழில்நுட்பத்தில் உலகை முந்தி ஓடும் நாடும், நிலக்கரியை அதிகம் எரிக்கும் நாடும் ஒன்றேதான். எரிசக்திப் பாதுகாப்பு என்ற கோணத்தில் பார்த்தால் இதில் முரண்பாடே இல்லை. வெளிநாட்டை நம்பாத எரிபொருள் எதுவோ, அதெல்லாம் சீனாவுக்கு வேண்டும்.

அமெரிக்கா எங்கே தவறவிட்டது?

அமெரிக்காவிடம் பணம் இருக்கிறது, ஆராய்ச்சி இருக்கிறது. இல்லாதது தொடர்ச்சி. 1979-ல் வெள்ளை மாளிகைக் கூரையில் சூரிய சக்தி வாட்டர் ஹீட்டரை வைத்தார் ஜிம்மி கார்ட்டர். ரொனால்ட் ரீகன் காலத்தில், 1986-ல், கூரை பழுதுபார்ப்பு நடந்தபோது அவை இறக்கப்பட்டன. மீண்டும் ஏறவில்லை. அதன்பிறகு நடந்ததெல்லாம் இதே கதையின் பெரிய பதிப்பு.

கியோட்டோ ஒப்பந்தத்தில் கிளின்டன் அரசு கையெழுத்துப் போட்டது. 2001-ல் புஷ் அரசு கைகழுவியது. ஒபாமா அரசு 2015-ல் பாரிஸ் ஒப்பந்தத்துக்கு முன்நின்றது. டிரம்ப் விலகினார். 2021-ல் பைடன் மீண்டும் சேர்ந்தார். 2025 ஜனவரி 20-ம் தேதி, பதவியேற்ற முதல் நாளே, மறுபடி விலகும் உத்தரவில் கையெழுத்திட்டார் டிரம்ப். 2026 ஜனவரி 27-ல் அந்த விலகல் நடைமுறைக்கு வந்தது. அதே ஜனவரியில், பாரிஸ் ஒப்பந்தத்துக்கே தாய் ஒப்பந்தமான 1992-ம் வருட ஐ.நா. பருவநிலை உடன்படிக்கையில் இருந்தும் விலகப் போவதாக அறிவித்தது அமெரிக்கா.

உள்நாட்டுச் சட்டத்திலும் இதே கதிதான். சீனாவோடு போட்டிபோட 2022 ஆகஸ்ட்டில் பைடன் கொண்டுவந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம், பசுமை எரிசக்திக்கு சுமார் 36,900 கோடி டாலர் ஒதுக்கும் என்று மதிப்பிடப்பட்டது. அமெரிக்காவில் தயாரித்தால் சலுகை என்பதுதான் அதன் அடிப்படை. தொழிற்சாலைகள் வரத் தொடங்கின. 2025 ஜூலை 4-ல் டிரம்ப் கையெழுத்திட்ட புதிய சட்டம், மின்சாரக் காருக்கான 7,500 டாலர் வரிச் சலுகையை அந்த செப்டம்பரோடு முடித்தது. காற்றாலை, சோலார் திட்டங்களுக்கான சலுகைக் காலத்தையும் வெகுவாகச் சுருக்கியது.

ஒரு சோலார் தொழிற்சாலையோ சுரங்கமோ லாபம் காட்ட பத்து, பதினைந்து வருடங்கள் ஆகலாம். நான்கு வருடத்துக்கு ஒருமுறை கொள்கை மாறும் நாட்டில் எந்த முதலீட்டாளர் தைரியமாக இறங்குவார்?

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சிகளும் ஒரே குரல்: சீனப் பொருளை உள்ளே விடக் கூடாது. சீன மின்சாரக் கார்களுக்கு 100 சதவிகித வரி போட்டது டிரம்ப் அல்ல, 2024 மே மாதம் பைடன். பருவநிலையில் அக்கறை காட்டிய அரசே, மலிவான மின்சாரக் காருக்குக் கதவை அடைத்தது. சொந்த நாட்டு வேலைவாய்ப்பும் பாதுகாப்பும் முதலில், பருவநிலை அடுத்தது என்பதுதான் அதன் பொருள்.

ஐரோப்பா என்ன செய்கிறது?

ஐரோப்பாவுக்குப் பாடம் எடுத்தது ரஷ்யா. 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் சுமார் 45 சதவிகிதம் ரஷ்யாவில் இருந்து வந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் அந்தக் குழாய்கள் ஒவ்வொன்றாக வறண்டன. அவசர அவசரமாக சோலார், காற்றாலை பக்கம் திரும்பியது ஐரோப்பா. ஆனால் அங்கு இறக்குமதியாகும் பேனல்களில் 95 சதவிகிதத்துக்கும் மேல் சீனத் தயாரிப்பு. ஒருவரைச் சார்ந்திருப்பதில் இருந்து தப்பித்து இன்னொருவரைச் சார்ந்திருக்கும் நிலை.

சரி, ரஷ்ய எரிவாயுவும் சீன பேனலும் ஒன்றா? இல்லை. இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. எரிவாயு தினமும் வர வேண்டிய பொருள். இன்று வால்வை மூடினால் இன்றே அடுப்பு அணையும். பேனல் அப்படி இல்லை. ஒருமுறை மாட்டிவிட்டால் 25 வருடம் ஓடும். சீனா நாளையே ஏற்றுமதியை நிறுத்தினாலும், ஏற்கெனவே மாட்டிய பேனல் மின்சாரம் தந்துகொண்டுதான் இருக்கும். புதிதாக மாட்டுவதுதான் நிற்கும்.

காந்தம் இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. ஏற்கெனவே ஓடும் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கார் ஆலைக்குக் காந்தம் தினசரித் தேவை. அதனால்தான் சீனா பேனலை விட்டுவிட்டுக் காந்தத்தில் கைவைத்தது. வாங்குபவரின் வீட்டுக்கு வலிக்காது, தொழிலுக்கு வலிக்கும்.

சீன மின்சாரக் கார்களுக்கு 2024 அக்டோபர் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியமும் 35.3 சதவிகிதம் வரை கூடுதல் வரி போட்டது. கூடவே, இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவற்றைத் தயாரிக்கும்போது வெளியாகும் கார்பனுக்கு இறக்குமதியின்போது கட்டணம் வசூலிக்கும் முறை 2026 ஜனவரி 1-ல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இது பருவநிலைக்கான நடவடிக்கை என்கிறது ஐரோப்பா. பருவநிலை பெயரில் வியாபாரத் தடை என்கின்றன இந்தியாவும் சீனாவும்.

மாநாட்டு மேஜையில் இதன் விளைவு என்ன?

2014 நவம்பரில் ஒபாமாவும் ஷி ஜின்பிங்கும் சேர்ந்து நின்று தங்கள் நாடுகளின் இலக்குகளை அறிவித்தார்கள். அடுத்த வருடம் பாரிஸ் ஒப்பந்தம் சாத்தியமானதற்கு அந்தக் கூட்டறிவிப்பு பெரிய காரணம். இரண்டு பெரிய நாடுகளும் ஒத்துப்போனால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

ஒத்துப்போகாவிட்டால்? 2022 ஆகஸ்ட் தொடக்கத்தில் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவை சபாநாயகர் நான்சி பெலோசி தைவான் சென்றார். அந்த வாரமே, அமெரிக்காவுடனான பருவநிலைப் பேச்சுவார்த்தையை நிறுத்துவதாக சீனா அறிவித்தது. தைவானுக்கும் கார்பனுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. கோபத்தைக் காட்ட ஒரு கதவை அடைக்க வேண்டும், அடைத்தார்கள். சில மாதங்கள் கழித்துத்தான் பேச்சு மீண்டும் தொடங்கியது.

2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டுக்கு அமெரிக்கா உயர்மட்டக் குழுவை அனுப்பவே இல்லை. அந்த வெற்றிடத்தில் சீனா தலைமையேற்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். சீனா வந்தது, தன் தொழில்நுட்பத்தைக் காட்டியது. ஆனால் அதிகப் பணம் தருகிறேன் என்றோ, பெரிய இலக்கை ஏற்கிறேன் என்றோ சொல்லவில்லை. மாநாட்டின் இறுதித் தீர்மானத்தில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவைக் கைவிடுவது பற்றி நேரடியான வாசகம் இடம்பெறவில்லை.

பொருளை விற்கத் தயார், பொறுப்பை ஏற்கத் தயாரில்லை. இப்போதைய பசுமைத் தலைமையின் நிலவரம் இதுதான். அதன் சுமை ஏழை நாடுகளின் தலையில்தான் விழுகிறது. நிலக்கரியில் இருந்து மாற தென்னாப்பிரிக்காவுக்கும் இந்தோனேசியாவுக்கும் பணக்கார நாடுகள் சேர்ந்து நிதியுதவித் திட்டங்களை அறிவித்திருந்தன. 2025 மார்ச்சில் அவற்றில் இருந்தும் அமெரிக்கா வெளியேறியது.

போட்டியால் நல்லதே நடக்கவில்லையா?

நடந்திருக்கிறது. சீன நிறுவனங்கள் தங்களுக்குள்ளேயே போட்டிபோட்டு உற்பத்தியைக் குவித்ததில், சோலார் பேனலின் விலை 2010-களில் சுமார் 90 சதவிகிதம் சரிந்தது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் கதவை அடைக்க அடைக்க, அந்தப் பேனல்கள் வேறு ஊர்களைத் தேடிப் போயின. மின்கட்டணமும் மின்வெட்டும் வாட்டிய பாகிஸ்தானில், பெரிய அரசுத் திட்டம் எதுவும் இல்லாமல், மக்களும் விவசாயிகளும் ஆலைகளும் தாங்களாகவே வாங்கி மாட்டினார்கள். 2024-ல் மட்டும் அந்த நாடு சுமார் 17 ஜிகாவாட் பேனல்களை இறக்குமதி செய்தது. அந்நியச் செலாவணி இல்லாமல் திணறிய எத்தியோப்பியா, பெட்ரோல், டீசல் கார் இறக்குமதிக்கு 2024-ல் தடையே போட்டது.

தாது வைத்திருக்கும் நாடுகளுக்கும் பேரம் பேசும் தைரியம் வந்தது. நிக்கலைத் தாதுவாக ஏற்றுமதி செய்ய 2020-ல் தடை போட்டது இந்தோனேசியா. வேண்டுமென்றால் இங்கே வந்து ஆலை கட்டு என்றது. சீன நிறுவனங்கள் வந்து கட்டின. ஆனால் அந்த ஆலைகளில் பல நிலக்கரி மின்சாரத்தில் ஓடுகின்றன. பசுமை பேட்டரிக்கான உலோகம் கரும்புகையில் உருகுகிறது.

தப்பிக்க வழி இருக்கிறதா? ஜப்பான் சொல்லும் பாடம்

சீனாவின் இந்த ஆயுதம் புதிதல்ல. 2010 செப்டம்பரில், சர்ச்சைக்குரிய சென்காகு தீவுகள் அருகே ஒரு சீன மீன்பிடிப் படகு ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களோடு மோதியது. படகின் கேப்டனை ஜப்பான் கைது செய்தது. அதைத் தொடர்ந்து சுமார் இரண்டு மாதங்கள் ஜப்பானுக்கு ரேர் எர்த் சரக்கு வருவது நின்றது.

ஜப்பான் அப்போதே விழித்துக்கொண்டது. அடுத்த வருடமே அரசும் தனியாரும் சேர்ந்து ஆஸ்திரேலியாவின் லைனஸ் நிறுவனத்துக்கு 25 கோடி டாலர் கொடுத்தன. தனிமங்களைப் பிரிக்கும் ஆலை மலேசியாவில் வந்தது. குறைந்த அளவு ரேர் எர்த் போதுமான காந்தங்களை ஜப்பானிய நிறுவனங்கள் உருவாக்கின. சேமிப்புக் கிடங்கும் வந்தது. இவ்வளவும் செய்து 15 வருடங்கள் ஆன பிறகு, சீனாவைச் சார்ந்திருப்பது சுமார் 90 சதவிகிதத்தில் இருந்து 60 சதவிகிதம் அளவுக்கு இறங்கியது. முழுமையாக விடுபட முடியவில்லை. 2025-ல் சுசுகி ஆலை நின்றதே அதற்குச் சாட்சி.

அமெரிக்கா இப்போதுதான் அந்த வழியில் இறங்கியிருக்கிறது. மீண்டும் திறக்கப்பட்ட மவுன்டன் பாஸ் சுரங்கத்தை நடத்தும் எம்.பி. மெட்டீரியல்ஸ் நிறுவனத்தில், 2025 ஜூலையில் 40 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. சீனா விலையைக் குறைத்து நசுக்கினாலும் நிறுவனம் மூழ்காமல் இருக்க, கிலோவுக்கு 110 டாலர் என்று குறைந்தபட்ச விலையையும் உறுதி செய்தது. தடையற்ற சந்தை என்று உலகத்துக்கே பாடம் நடத்திய நாடு, விலையை அரசே நிர்ணயிக்கும் இடத்துக்கு வந்திருக்கிறது. சீனாவோடு மோத, சீனாவின் பாணியையே கையில் எடுத்திருக்கிறது.

இந்தியா எங்கே நிற்கிறது?

இந்தியாவின் கணக்கு இரண்டு பக்கமும் இழுக்கிறது. மொத்த மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி போன்ற புதைபடிவ எரிபொருள் அல்லாதவற்றில் இருந்து வர வேண்டும் என்ற 2030-ம் வருட இலக்கை 2025-லேயே எட்டிவிட்டது இந்தியா. ஆனால் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னமும் நிலக்கரிதான். சீன பேனலைத் தடுக்க 2022 ஏப்ரலில் பேனலுக்கு 40 சதவிகிதம், செல்லுக்கு 25 சதவிகிதம் என்று சுங்க வரி போடப்பட்டது. அதன்பிறகு உள்நாட்டில் பேனல் ஆலைகள் பெருகின. தமிழ்நாட்டிலும் திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா பவர், ஸ்ரீபெரும்புதூர் அருகே அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் என்று பெரிய ஆலைகள் வந்துள்ளன. என்றாலும் நாட்டின் பெரும்பாலான பேனல் ஆலைகளுக்குத் தேவையான வேஃபரும் பாலிசிலிக்கானும் பெருமளவு சீனாவில் இருந்துதான் வருகின்றன. மேலே இந்தியா, உள்ளே சீனா.

காந்தத்தில் நிலைமை இன்னும் கடினம். ஓசூர், கிருஷ்ணகிரி பகுதி நாட்டின் மின்சார ஸ்கூட்டர் உற்பத்தியின் முக்கிய மையம். அந்த ஆலைகளுக்குக் காந்தம் தடைபட்டால் அடி நேராக இங்கே விழும். இதைச் சமாளிக்க, வருடத்துக்கு 6,000 டன் காந்தம் உள்நாட்டிலேயே தயாரிக்க 7,280 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

காந்தம் செய்ய மூலப்பொருள் வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? கேரளா, தமிழ்நாடு, ஒடிசா, ஆந்திரக் கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட்டில் இருந்து. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். பல வருடங்களாக மணல் எடுத்து வருகிறது. அதே மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் சுரங்கம் அமைக்கும் திட்டத்துக்கு மீனவ கிராமங்கள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்து வருகின்றன. கடலரிப்பும் கதிரியக்கப் பயமும் அவர்களின் அன்றாடக் கவலை. இந்த நிலையில், அணுசக்திக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் தொடர்பான சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இருந்து 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம். தேசியப் பாதுகாப்பு இதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. விலக்கைத் திரும்பப் பெற வேண்டும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

பெய்ஜிங்கில் ஒரு லைசென்ஸ் தாமதமானதற்கும், கிள்ளியூர் மீனவர் ஒருவர் தன் ஊர்த் திட்டம் பற்றி அரசின் முன் வாய் திறக்கும் உரிமைக்கும் இப்படித்தான் முடிச்சு விழுகிறது. 25 வருடங்களுக்கு முன் அமெரிக்கா, அசுத்தம் போகட்டும் என்று இந்த வேலையை வெளியே தள்ளியது. இப்போது ஒவ்வொரு நாடும் அதைத் திரும்ப அழைக்கிறது. அசுத்தமும் சேர்ந்துதான் திரும்பும். அது யாருடைய ஊரில் இறங்கும், அந்த ஊரைக் கேட்டு இறங்குமா என்பதுதான் கேள்வி.

இனி கவனிக்க வேண்டியது என்ன?

முதலாவது, 2026 நவம்பர் 10. ரேர் எர்த் கட்டுப்பாட்டை மேலும் 5 தனிமங்களுக்கு விரிவாக்கி 2025 அக்டோபர் 9-ல் சீனா வெளியிட்ட அறிவிப்பு, டிரம்ப்பும் ஷி ஜின்பிங்கும் அக்டோபர் 30-ல் தென்கொரியாவின் பூசான் நகரில் சந்தித்த பிறகு நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த நிறுத்தம் இந்தத் தேதி வரைதான். ஏப்ரலில் வந்த லைசென்ஸ் முறை ரத்தாகவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது, சீனாவுக்கு வெளியே தனிமங்களைப் பிரிக்கும் ஆலைகள் எத்தனை வருகின்றன என்பது. சுரங்கம் திறப்பு விழாக்கள் செய்தியாகும். ஆனால் பிரிக்கும் ஆலை இல்லாத சுரங்கம், அரவை மில் இல்லாத ஊரில் விளைந்த நெல் மாதிரி. எங்கோ அனுப்பித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, இந்தியாவின் காந்த ஆலைகள் எப்போது உற்பத்தியைத் தொடங்கும், அதற்கான மணல் எந்தக் கடற்கரையில் இருந்து, யாருடைய சம்மதத்தோடு எடுக்கப்படும் என்பது. முதல் இரண்டும் பெய்ஜிங்கிலும் வாஷிங்டனிலும் முடிவாகும். மூன்றாவது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.